பத்தாவது ‘ஏ’

(தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான அன்று மாலையே ஆசிரியர்களின் கைப்பேசிகள் ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். “சார், பையனுக்கு ஏழு ஏ வந்திருக்கு. இனி என்ன சார் செய்யறது?” ஆறாம் படிவத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் அந்த அழைப்புகள் எனக்கு வருகின்றன. கேட்கிற தாய் தகப்பன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பிள்ளை படிவம் மூன்று முடிக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஏழு ஏ எடுத்த பிறகு, எந்த ஏழு என்பதை மாற்ற முடியாது.

இந்த மலையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதியிருந்தும் போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த விண்ணப்பம் எந்த மாதம் திறக்கிறது, எந்தப் பத்திரம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. கோலாலம்பூரில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் சோறு சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். அக்காள் சொல்வாள், சித்தப்பா சொல்வார். நம் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியது இந்த மண்டபம்தான். அதனால் இன்றைக்கு நான் ஊக்கமூட்டும் பேச்சு எதுவும் பேசப்போவதில்லை. வழியைச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், நாம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டு கழித்து, 1933-இல், பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டியதும், சரிவில் செடி நட்டதும், கொழுந்து கிள்ளியதும் நம் பாட்டன் பாட்டிமார். 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். அப்படித்தான் மலேயா முழுக்கத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் உருவாயின. ஆனால் அந்தப் பள்ளிகள் ஆரம்பக் கல்வியோடு நின்றன. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை திரும்பவும் தோட்டத்து நிரைக்கே வந்துவிடும் என்பதுதான் அன்றைய கணக்கு.

இன்றைக்கு அந்த நிரையும் நம்மிடம் இல்லை. தேயிலைக் காட்டில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். படிப்பு வராவிட்டால் தோட்டம் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை. அதற்குப் பதில் வேறொன்று பிள்ளைகளை இழுக்கிறது. எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஹோட்டலிலும், ஸ்ட்ராபெரித் தோட்டத்திலும், காய்கறி லாரியிலும் வேலை கிடைக்கிறது. கையில் காசு புழங்குகிறது. வேலைக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சில விண்ணப்பங்கள் முடிவு வருவதற்கு முன்பே திறந்து மூடிவிடுகின்றன. அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கான கல்வி அமைச்சின் பக்கத்தையும், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. பக்கத்தையும் திறந்து பாருங்கள். தோட்டத்து வீட்டில் சிக்னல் கிடைக்காவிட்டால் டவுனுக்கு வரும்போது பாருங்கள்.

இனி பாடங்களுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

2020 முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய வேலி இல்லை. பள்ளி தரும் பாடத் தொகுப்புகளிலிருந்து பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? நண்பன் எடுத்ததை எடுக்கும், இல்லையென்றால் எளிதாகத் தெரிவதை எடுக்கும். கூடுதல் கணிதத்தை, நீங்கள் ‘அட் மேத்ஸ்’ என்கிறீர்களே அதை, விட்டுவிட்ட பிள்ளைக்குப் பின்னால் பொறியியல் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. உயிரியல், வேதியியல் இல்லாதவன் மருத்துவம், மருந்தியல் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த முடிவை எடுத்த நாளில் அவனுக்கு அது முடிவாகவே தெரிந்திருக்காது. ஒரு தாளில் டிக் போட்டுக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது, படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் பொதுத்தேர்வு மண்டபத்தில் முதன்முதலாக உட்காருவதே எஸ்.பி.எம்முக்குத்தான். அதற்கு முன் நாடு தழுவிய ஒரு தேர்வில் தங்கள் நிலை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. பள்ளித் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, தான் எல்லா இடத்திலும் முதல் என்று நினைத்துக்கொள்ளும். வேறு மாநிலங்களின் முயற்சித் தேர்வுத் தாள்களை வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும். படிவம் நான்கிலேயே தொடங்க வேண்டும். மலாய்மொழியில் கட்டுரை எழுதும் பழக்கம் தினமும் வேண்டும். மலாய்மொழியும் வரலாறும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடங்கள். மற்ற எட்டிலும் ஏ எடுத்து வரலாற்றில் தவறினால் சான்றிதழே கிடையாது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்புச் செய்தார். எஸ்.பி.எம்மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எந்த இனத்து மாணவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்பதே அந்த அறிவிப்பு. ஏ மைனஸை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை உங்கள் ஆண்டுக்கான விதிமுறையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். இப்போது அறிவியல் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பாடங்களை என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறிக் கல்வி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது. ஒன்பதிலும் ஏ பிளஸ் எடுத்தாலும் ஒன்பதுதான். பத்தாவது எங்கே?

பத்தாவது தமிழ்மொழி. அதை எடுக்காத பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், அந்தக் கதவின் முன் ஒரு பாடம் குறைவாக நிற்கிறது. தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து எடுத்தால் பதினொன்று. ஒரு பாடத்தில் கொஞ்சம் சறுக்கினாலும் தாங்கிக்கொள்ள ஒன்று மிச்சம் இருக்கும். “தமிழ் எதற்கு சார், பல்கலைக்கழகத்தில் அதையா கேட்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. மொழிப்பற்றைப் பற்றி நான் அவர்களிடம் பேசுவதில்லை. இந்த எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன்.

இந்தப் பாடம் நம் கைக்குச் சும்மா வந்து சேரவில்லை. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்க அரசாங்கம் முடிவெடுத்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் ஓரங்கட்டப்பட்டுவிடும் என்று சமூகம் கொதித்து எழுந்தது. மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். கடைசியில் அமைச்சரவை இறங்கிவந்து பன்னிரண்டு பாடங்கள் வரை எழுதலாம் என்றது. அப்படிப் பெற்ற இடத்தை நாமே காலியாக விடுவது எனக்குத் தாங்கவில்லை.

தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக நடந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996 கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், பள்ளி தமிழ்மொழி வகுப்பை ஏற்பாடு செய்ய வேண்டும். பதினைந்து பேர் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில் கேட்க வேண்டும். யாரோ கேட்பார்கள் என்று பதினாலு பேர் சும்மா இருந்தால் வகுப்பு வராது.

அடுத்து, இட ஒதுக்கீடு. இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். மெட்ரிகுலேஷன் 2003 வரை பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. அந்த ஆண்டுதான் பத்து விழுக்காட்டு இடங்கள் மற்றவர்களுக்குத் திறக்கப்பட்டன. 2012-இல் அன்றைய பிரதமர் நஜிப்பின் அரசாங்கம் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தது. 2017-இல் அது 2,200 ஆனது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள், 90-க்கு 10 என்ற பங்கு மட்டும் அப்படியே நின்றது. அறிவித்த இடங்கள் எல்லாம் நிரம்பினவா என்ற சர்ச்சை ஒவ்வோர் ஆண்டும் எழுந்தது. இந்த ஒதுக்கீடு நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். பத்து விழுக்காட்டுக்குள் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் முட்டிமோதுவதைப் பார்த்து நொந்துபோனவன் நான். அதற்காகக் குரல் கொடுப்பது பெரியவர்களின் வேலை, அதை நாங்கள் விடமாட்டோம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் மட்டும் “நமக்கெல்லாம் எங்கே கொடுப்பான்” என்று யாரும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். விண்ணப்பிக்காத பிள்ளைக்காக யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றால்? ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். இருக்கிறது. இதைத் தோற்றவர்கள் போகிற இடமாக நம் சமூகம் ஆக்கிவைத்திருக்கிறது. அது பெரிய தவறு. எஸ்.டி.பி.எம். கடினமான தேர்வு, சந்தேகமில்லை. மெட்ரிகுலேஷனைவிடக் கடினம் என்றுதான் நானும் சொல்வேன். 2012 முதல் அது மூன்று பருவங்களாக நடக்கிறது. முன்புபோல் கடைசியில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. முதல் பருவத்தில் சறுக்கிய தாளை மறுபடியும் எழுத வழி உண்டு. அரசாங்கப் பள்ளியில் செலவும் மிகக் குறைவு. இந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் மிரண்டுபோவதில்லை. அதை என் மாணவர்களிடமே கண்டேன்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஒரு மாணவன் எஸ்.டி.பி.எம்மில் 3.75 எடுக்கிறான். அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 84.38. புறப்பாடத்தில் அவனுக்கு 5 புள்ளி. மொத்தம் 89.38. இன்னொருத்தி 3.67 எடுக்கிறாள். அது 82.58. புறப்பாடத்தில் அவளுக்கு 9. மொத்தம் 91.58. படிப்பில் பின்தங்கிய பெண் பட்டியலில் முந்திவிட்டாள். போட்டி அதிகமுள்ள படிப்புகளில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் தீர்மானமாகிறது. இரண்டு புள்ளி என்பது அங்கே மிகப் பெரிய தூரம்.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் புறப்பாடம் ஏன் குறைகிறது? சோம்பல் காரணமில்லை. பள்ளி முடிந்ததும் பேருந்து கிளம்பிவிடும். மாலையில் சாரணர் கூட்டம், கபடிப் பயிற்சி, பேச்சுப்போட்டி ஒத்திகை எதற்கு நின்றாலும் வீடு போய்ச்சேர வண்டி இல்லை. இருட்டில், பனியில், அந்த வளைவுச் சாலையில் மகளை நடக்கவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஒரே தோட்டத்தில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து வாரம் இரண்டு நாளுக்கு ஒரு வேன் பேசினால் இது தீரும். கோயில் நிர்வாகம் கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் வண்டி ஏற்பாடு செய்கிறது. இதற்கும் செய்யட்டும் என்று இந்த மேடையிலிருந்து உரிமையோடு கேட்கிறேன். பிள்ளைகளே, நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து கழகத்தில் பெயர் எழுதி ஒன்றிலும் முகம் காட்டாமல் இருப்பதால் பயனில்லை. வருகை, பொறுப்பு, எந்த நிலைவரை போட்டியிட்டீர்கள் என்பவைதான் புள்ளியாகின்றன. ஒரு சீருடை இயக்கத்தில் செயலாளராக இருந்து, ஒரு விளையாட்டில் மாவட்டம் வரை போய்வந்தால் அது கண்ணில் படும். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். லயத்து வீட்டில் கூரை ஒழுகினாலும் நனையாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கும் பல்கலைக்கழகத்தின் சில படிப்புகளுக்கும் நேர்முகத் தேர்வு உண்டு. அதற்கு ஒரு பெண்ணைத் தயார் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பெண், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. தேர்வாளர் கேட்பதுபோல மலாய்மொழியில் கேட்டேன், ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறாய் என்று. சிறுவயது முதலே என் இலட்சியம், ஆசிரியப் பணி புனிதப் பணி, நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று மனப்பாடமாகக் கொட்டினாள். பிழையில்லாத மலாய்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் நுழையும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

மேசையைத் தள்ளிவைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் என்னம்மா செய்வாய் என்று தமிழில் கேட்டேன். பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், மலாய் வாசிக்கவே வராது, தினமும் வருவான் என்றாள். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்றேன். “சமையற்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன் சார். சீனிப் பொட்டலத்துல கூலான்னு இருக்கும், மாவுப் பொட்டலத்துல தெப்போங், பால் டின்னுல சூசூ. அதைப் பிரிச்சுப் பிரிச்சு வாசிக்க வைப்பேன். கூ, லா. சூ, சூ. அவனுக்கு அந்தச் சாமானெல்லாம் தெரியும், அதனால எழுத்தும் பிடிபட்டுடுச்சு” என்றாள். புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டில் பாடநூலைச் சமையற்கட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். பாடம் நடத்தத் தெரிந்தவள் என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறாள், வீட்டு நிலைமை வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அதையே மலாய்மொழியில், அதே வரிசையில், அந்தப் பொட்டலங்களின் பெயரோடு சொல்லப் பழக்கினோம். இப்போது அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆகவே தம்பி தங்கைகளே, அப்பா மண்டோர் வேலை பார்ப்பதையும் அம்மா காய்கறிப் பண்ணைக்குப் போவதையும் மறைக்காதீர்கள். அங்கே நீங்கள் பார்த்ததை, செய்ததை, தெளிவாகப் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

இனி அடையாளப் பத்திரம் பற்றி. இங்கே சில குடும்பங்கள் இதை வெளியில் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை, வைத்திருக்கும் பாட்டி இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கப் போகும்போதுதான், பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்று எழுதியிருப்பது தெரியவரும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு இலாகாவில் திருமணத்தைப் பதியாமல் விட்டிருந்தால், பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாயிடம் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. தகப்பன் மலேசியர் என்பது அங்கே உதவாது. மெட்ரிகுலேஷனுக்கும் யூ.பி.யூ.வுக்கும் குடியுரிமை வேண்டும். பத்து ஏ எடுத்தாலும் இந்த ஒரு பத்திரம் இல்லாமல் உள்ளே போக முடியாது.

இதற்கு வழி உண்டு. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் வயது வரம்புக்குள் இருக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த வரம்பு 21 வயதாக இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதை 18-ஆகக் குறைக்கிறது. அதாவது படிவம் ஐந்து முடிகிற வயதில் அந்தக் கதவும் மூடும். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகும் விண்ணப்பம் இது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அண்ணன் பிள்ளையாகவோ எடுத்து வளர்க்கும் பிள்ளையாகவோ இருந்தாலும், அடுத்த வாரமே பதிவு இலாகாவுக்குப் போங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்களல்ல.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்புகளை வரிசைப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். 2025-இல் எஸ்.டி.பி.எம்மில் 4.00, மெரிட் புள்ளி 99.9, இத்தனையும் இருந்த ஒரு மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கேட்ட கணக்கியல் படிப்பு கிடைக்காமல் போனது நாடெங்கும் செய்தியானது. அந்தப் புள்ளிக்கே அப்படி என்றால், ஒரே படிப்பை மட்டும் நம்பி விண்ணப்பம் போடுவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். மனம் விரும்புவதை முதலில் எழுதுங்கள். அடுத்து அதே படிப்பை வேறு பல்கலைக்கழகங்களில் எழுதுங்கள். அதன்பின் அதற்கு நெருக்கமான படிப்புகள். மருத்துவம் கேட்கிறவள் உயிர்மருத்துவ அறிவியலையும் ஊட்டச்சத்து இயலையும் எட்டிப் பார்க்கட்டும். போன ஆண்டு அந்தப் படிப்புக்குச் சராசரி மெரிட் என்ன என்று யூ.பி.யூ. பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ஒரு வரிகூட நிரப்பாதீர்கள். கிடைக்கவில்லை என்று வந்தால் மேல்முறையீட்டுக் காலம் சில நாள்கள்தான் திறந்திருக்கும். அழுது முடிப்பதற்குள் அது மூடிவிடும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மெட்ரிகுலேஷன் கடிதம் வரும்போது கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாம் இருப்பது பகாங் மாநிலம், ஆனால் பகாங் மெட்ரிகுலேஷன் கல்லூரி குவாந்தான் பக்கம் கம்பாங்கில் இருக்கிறது. பேராக் கல்லூரி கோப்பெங்கில், மலையிறங்கினால் சீக்கிரம் போய்விடலாம். பிள்ளையை எங்கே போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. லாபுவான் தீவு என்றும் வரலாம். “பொம்பளப் பிள்ளையைக் கடல்தாண்டி எப்படி அனுப்பறது” என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்ட வீட்டை நான் அறிவேன். அந்தப் பெண் இன்றைக்கு ஒரு கடையில் கல்லாவில் நிற்கிறாள். தங்குமிடம் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது, மாதம் 250 ரிங்கிட் உதவித்தொகை தருகிறார்கள். பல்கலைக்கழகம் போனதும் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உண்டு, யாயாசான் பகாங் அறவாரியத்தின் உதவியும் இருக்கிறது. துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ உறுப்பினராக இருந்தால், பழைய பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்து, பிள்ளைகளுக்கான கல்வி உதவியைக் கேளுங்கள்.

1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளே ஓய்வு நாள்களில் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். அந்த வேலையைச் செய்ய இந்த மலையிலும் இப்போது ஆள்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து இந்த மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆளுக்கு இரண்டு மாணவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள். பாடம் நடத்தக்கூட வேண்டாம். விண்ணப்பம் திறக்கிற நாளில் ஒரு போன் போட்டு “அனுப்பிட்டியா?” என்று கேளுங்கள். மெட்ரிகுலேஷன் கடிதம் வந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு எங்கே போவது, என்ன துணி எடுத்துப்போவது என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, தட்டுத்தடுமாறிப் போனீர்கள். அவர்கள் தடுமாற வேண்டாம்.

வாசலருகே மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறோம். ஒன்று பட்டதாரிகள் தங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதுவதற்கு. மற்றொன்று, தமிழ் வகுப்பு நடக்காத பள்ளிகளில் அதைக் கேட்டுப் பெற்றோர் கையெழுத்திடும் கோரிக்கை. பள்ளிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாக எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஒரு பள்ளிக்குப் பதினைந்து சேர்ந்ததும் திங்கட்கிழமை காலையில் நானே முதல்வர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.